சம்பந்தி வண்டியை நிறுத்திய இடங்கள்

காலை ஏழு மணி இருக்கும். தெரு முனையில் அந்த வண்டியின் சத்தம் கேட்டது. எங்கள் முத்தியால்பேட்டைச் சந்துகளில் எத்தனையோ வண்டிகள் போகின்றன. ஆனால் பெரிய அண்டாவுக்குள் யாரோ நிதானமாக உலக்கை போடுவது போன்ற அந்தச் சத்தம் அது ஒன்றுக்குத்தான் உண்டு. சம்பந்தி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார், எங்கோ வெளியூர் கிளம்புகிறோம் என்று நினைத்தேன். சட்டையை மாட்டி, ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வண்டியில் இருந்தவர் மாப்பிள்ளை. என் கையிலிருந்த ஹெல்மெட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்பா போய்ட்டாரு மாமா" என்றார்.

விடியற்காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். நான் மாப்பிள்ளைக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவர்கள் ஊரான சேதராப்பட்டு போய்ச் சேரும் வரை ஹெல்மெட் என் மடியிலேயே இருந்தது.

திரு. ஏழுமலை அவர்கள் என் மகள் செல்வியின் மாமனார். பயிர் வைக்கும் குடும்பத்தில் பிறந்து, ஊருக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் மில்லில் வேலை செய்தவன். மில் மூடிய பிறகு காவல் வேலைக்குப் போனேன். நான் எழுதக் கற்று ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. ஒரு வரி முடிய நேரம் பிடிக்கிறது. முடிந்த வரியைத் திரும்பப் பார்க்கும் சந்தோஷம் எனக்கு இன்னும் தீரவில்லை. பதினாறு நாள் காரியங்களில் உடம்பு ஓய்ந்துபோய்க் கை வலிக்கிறது. ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும்.

ஓய்வு பெற்ற ஆண்டு, பிரான்சுக்குத் திரும்பிப்போன ஒருவரிடமிருந்து சம்பந்தி அந்த வண்டியை வாங்கினார். குரூசர் என்பார்கள். தாழ்ந்த சீட்டு, அகன்ற ஹேண்டில், காலை முன்னால் நீட்டி உட்கார வேண்டும். எங்கள் சந்தில் அதைத் திருப்ப வேண்டுமானால் எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட வேண்டியிருக்கும். வீராம்பட்டினத் தேருக்கு முட்டுக்கட்டை போடுவது போல ஆளாளுக்கு ஒரு பக்கம் நின்று சத்தம் போடுவார்கள். "இந்த வயசுல இவருக்கு யானை கேக்குது" என்று சம்பந்தியம்மா என் மகளிடம் சொன்னார்களாம்.

வாங்கிய வாரமே என்னிடம் வந்தார். "சம்மந்தி, திருவண்ணாமலைக்குப் போவலாம் வாங்க" என்றார். பெண்ணைக் கொடுத்தவன் நான். மாப்பிள்ளையின் அப்பா வாசலில் வந்து நின்று கூப்பிட்டால் எப்படி வரமாட்டேன் என்று சொல்வது? ஏறிவிட்டேன். வண்டியை விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது "பொன் வோயாழ்" என்று, பயணம் நல்லபடி அமையட்டும் எனப் பிரெஞ்சில் வாழ்த்தினாராம். அன்று முதல் ஒவ்வொரு பயணத்துக்கும் சாவியைத் திருகும் முன்னால் சம்பந்தியும் என்னிடம் அதைச் சொல்லாமல் கிளம்பியதில்லை.

என்னைச் சும்மா உட்கார வைத்துக் கூட்டிப்போவது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு வேலை கொடுத்தார். "போர்டு பாத்து வழி சொல்றது உங்க பொறுப்பு சம்மந்தி." எழுத்து தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் மகள் வாழும் வீட்டில் அது ஒரு பேச்சாகிவிடுமே என்று சொல்லவில்லை. திண்டிவனத்தில் பெரிய பச்சைப் பலகை வந்தது. எந்தப் பக்கம் என்று கேட்டார். துணிந்து வலது கையைக் காட்டினேன்.

அச்சிறுப்பாக்கம் வரை போய்விட்டோம். சென்னைக்குப் போகிற சாலை அது. டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, மேலே இருந்த பலகையைக் காட்டி, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். கண்ணாடி கொண்டு வரவில்லை என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.

சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு டீயைப் பார்த்தார். "ஈசன் தேருக்கே அச்சு முறிஞ்ச ஊரு இது. நம்ம வண்டி முழுசா வந்து சேந்துச்சே, அதுவே பெருசு" என்றார். அவ்வளவுதான். திரும்பும்போது அவர் என்னிடம் வழி கேட்கவில்லை.

அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் வண்டி சூடாக ஆரம்பித்தது.

பத்துக் கிலோமீட்டர் போவோம். ஒரு பலகை வரும். "எஞ்சின் சூடாவுது சம்மந்தி, கொஞ்சம் ஆறட்டும்" என்று அதன் நிழலில் ஓரங்கட்டுவார். தண்ணீர் குடிப்பார். அண்ணாந்து பார்த்து, கண் தெரியாதவர் போல ஒவ்வொரு எழுத்தாக விரலை நீட்டிப் படிப்பார். "செ... ஞ்... சி. செஞ்சி." அவருக்குத் தூரப்பார்வை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவர் படிப்பதை அவருக்குத் தெரியாமல் நானும் மனத்துக்குள் கூட்டிக்கொண்டேன். திருடன் போலத்தான் கற்றேன். விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம் என்று ஊர் ஊராக எழுத்துகள் சேர்ந்தன. 'ழ' எனக்குக் கிடைத்தது விழுப்புரத்தில். முதல் முறையாக ஒரு பலகையை அவருக்கு முன்னால் நானே படித்து முடித்த அன்று எனக்குள் மேளம் கொட்டியது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "சாயந்தரத்துக்குள்ள போயிடலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தால் இடுப்பு கழன்றுபோகும். நேர்சாலையில் அந்த வண்டி படகு போலப் போகும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகுத்தண்டில் வந்து எண்ணிக்கை சொல்லும். எஞ்சின் அனல் கெண்டைக்காலில் அடிக்கும். ஜவ்வாது மலை வளைவுகளில் நான் குலசாமியைக் கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்கும். போதாக்குறைக்கு இந்த நிறுத்தங்கள் வேறு. "பத்து மைலுக்கு ஒருதரம் படுத்துக்கிற மாடு ஏருக்கு ஆவுமா? இந்த வண்டி தூரத்துக்கு ஆவாது" என்று செல்வியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. ஒருநாள் சிரித்துக்கொண்டே, "சீக்கிரம் போவணும்னா பஸ்ஸு இருக்குதே சம்மந்தி" என்றார். வண்டியின் பெயர் கெடுவதைப் பற்றி அவர் வேறொன்றும் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகள் இப்படிப் போயின. அதற்குள் நான் கடைத்தெருவில் பேப்பர் படிப்பவனானேன். நோட்டு வாங்கி எழுதவும் தொடங்கினேன்.

காரியம் முடிந்த மறுநாள் வண்டியைப் பற்றிய பேச்சு வந்தது. அந்தச் சத்தம் கேட்டால் கதவைத் திறக்க எழுந்துவிடுகிறேன், என்னால் முடியவில்லை, யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சம்பந்தியம்மா அழுதார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, நீங்கள் வேண்டாமென்றால் கொட்டகையிலேயே கிடக்கட்டும் மாமா என்றார். சம்பந்தியம்மா சொல்கிறபடியே செய்யுங்கள் என்றேன். ஆனால் எனக்கு வண்டி போகக் கூடாது என்று இருந்தது.

அடுத்த நாள் ஒரு பெண் வண்டியைப் பார்க்க வந்தார். முப்பது வயது இருக்கும். மருத்துவமனையில் செவிலியாம். தனியாகக் கன்னியாகுமரி வரை போக ஆசையாம். பின்சீட்டில் ஐந்து ஆண்டு உட்கார்ந்தவர் இவர்தான் என்று மாப்பிள்ளை என்னைக் காட்டினார்.

"ஐயா, லாங் போறதுக்கு இது செட் ஆவுமா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சரிப்படாதும்மா, சூடாகும், பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும் என்றேன். அவர் வேண்டாமென்று போய்விட்டால் நல்லது என்ற எண்ணமும் அதில் இருந்தது.

மாப்பிள்ளை விழித்தார். "சூடாவுதா? அப்பா தனியா போனா சென்னைக்கு ஒரே மூச்சுல போய்ட்டு வருவாரே மாமா. ஒரு நாளும் நின்னது இல்லையே."

அப்படியென்றால் அவர் கண்? நான் செல்வியைக் கேட்டேன். "மாமா கண்ணுக்கு என்னப்பா? போன மாசம் வரைக்கும் எனக்கு ஊசியில நூல் கோத்துக் குடுத்தாரே" என்றாள்.

நான் கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். செஞ்சிப் பலகை நினைவுக்கு வந்தது. அதன் நிழலில் நின்ற வண்டியும், அண்ணாந்த அவர் முகமும், நீட்டிய விரலும் கண் முன்னால் நின்றன. விரல் எழுத்து எழுத்தாக நகரும். நான் முடிக்கும் வரை அடுத்த எழுத்துக்குப் போகாது. ஆசை ஆசையாக வாங்கிய வண்டியை ஊரெல்லாம் நான் குறை சொல்ல, அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

வண்டி எனக்கு வேண்டும். ஆனால் அதன் மேல் நான் போட்ட பழியைத் துடைக்காமல் வைத்துக்கொண்டு என்ன செய்வது? எழுந்து அந்தப் பெண்ணிடம் போனேன். "நான் சொன்னது தப்பும்மா. வண்டி சூடாவாது. மலை வளைவுல மட்டும் பாத்துப் போ. பின்னாடி வயசானவங்கள ஏத்தாத. மத்தபடி எவ்ளோ தூரம் வேணும்னாலும் இது போவும்."

அந்தப் பெண் வண்டியை எடுக்க வந்த அன்று, கோரிமேடு வரை என்னை ஏற்றிப்போகச் சொன்னேன். திண்டிவனம் சாலையில் முதல் பலகைக்குக் கீழே இறங்கிக்கொண்டேன். அந்தப் பெண்ணிடம் "பொன் வோயாழ்" என்றேன். அவர் சிரித்துக் கையை அசைத்தார். வண்டி போயிற்று. அந்த நீளச் சாலையில் கண்ணுக்கு எட்டிய வரை அது எங்கும் நிற்கவில்லை. சத்தம் அடங்கிய பிறகு பலகையை ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். கூட்டாமல், ஒரே மூச்சில் படித்தேன். பிறகு பஸ் ஏறி வீடு வந்து, இந்த நோட்டை எடுத்தேன்.

சம்பந்தி, திண்டிவனத்தில் வலது பக்கம் திரும்பாதீர்கள். அது சென்னைக்குப் போகிறது. இந்த முறை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.