சாமித்தட்டில் இருந்த தோட்டாக்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகள் அத்தனையிலும், லைசன்ஸ் உள்ள துவக்கு ஒன்றே ஒன்றுதான். அது என் வீட்டுக்காரருடையது. என் மாமனாருக்குப் பயிர்க்காவலுக்கென்று அரசாங்கக் கச்சேரியில் அனுமதித்த ஒற்றைக்குழல் துவக்கு, அவர் காலமான பிறகு இவர் பெயருக்கு மாறியது. பெயர் மாறிய அன்றிலிருந்து இவருடைய நடையும் மாறிவிட்டது. கடைக்குச் சீனி வாங்கப் போனாலும் தோளில் ஏதோ பாரம் தொங்குவதுபோல ஒரு பக்கம் சாய்ந்துதான் போவார். துவக்கு வீட்டில் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். தோளில் ஒரு துண்டுகூட இருக்காது.

ஊரும் அதற்கு ஏற்றாற்போல் நடந்துகொண்டது. கல்யாண வீட்டில் அவருக்கு முன் வரிசையில் நாற்காலி போடுவார்கள். கோயில் கூட்டத்தில் அவர் தொண்டையைச் செருமினால் தலைவரே பேச்சை நிறுத்துவார். அந்தத் துவக்குக்குள் போட ஒரு தோட்டாகூட வீட்டில் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். உலக்கையாவது மாவு இடிக்கும் என்று நான் ஒருநாள் சொல்லப்போய், அவர் இரண்டு வேளை என்னோடு பேசவில்லை. எனக்கு அந்த இரண்டு வேளையும் நிம்மதியாகவே போனது.

சும்மா கிடந்தால் கிடக்கட்டும் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் எங்களுக்கு ஒரு துண்டுக் காணி கிடைத்திருந்தது. எங்கள் டிவிஷன் நானுஓயாவுக்கு மேலே, காட்டை ஒட்டி இருக்கிறது. அங்கே தேயிலை பட்டுப்போன ஒரு சரிவைத் தோட்டத்து நிர்வாகம் துண்டு துண்டாகப் பிரித்து, மரக்கறி போடச் சொல்லிச் சில குடும்பங்களுக்குக் கொடுத்தது. கொடுத்தது என்றால் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாய்வார்த்தைதான். அதற்கும் ஒரு நிபந்தனை. ஒரு போகம் காணி சும்மா கிடந்தால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று தோட்டத்துத் துரை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றே சொன்னார்.

என் அம்மாவும் அவளுடைய அம்மாவும் இந்த மலையில் பிடுங்கிய கொழுந்துக்குக் கணக்கே கிடையாது. அவர்கள் இருவரும் ஒரு முருங்கைக் கன்றை நட்டு இது என்னுடையது என்று சொல்ல முடியாமலே போனார்கள். அந்தச் சரிவில் நான் முதல் தடவை வேலி கட்டியபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த மண்ணை நான் என் பிள்ளைகளுக்குச் சமமாக நேசித்தேன்.

பன்றிக்கும் அது பிடித்துப்போயிற்று. நான் உருளைக்கிழங்கு போட்டு, மண் அணைத்து, செடி முழங்கால் உயரம் வந்த சமயம், காட்டுக்குள்ளிருந்து ஒரு தாய்ப்பன்றி தன் பரிவாரத்தோடு வந்து ஒரு மூலையைக் கிண்டிவிட்டுப் போனது. தகரம் தட்டினோம். பழைய சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டோம். பன்றி என் சேலையின் மேல் படுத்து உருண்டுவிட்டுப் போனது. அப்போதுதான் எல்லாருக்கும் வீட்டுக்காரரின் துவக்கு ஞாபகம் வந்தது.

அந்தச் சமயம் நாட்டில் எதுவும் கிடைக்காத காலம். பால்மா இல்லை, எரிவாயு இல்லை, எண்ணெய்க்கு வரிசை. அதில் தோட்டாவை யார் நினைத்தார்கள்? முதலில் லைசன்ஸைப் புதுப்பிக்க அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோக அம்மா நிமிர்ந்து பார்க்காமலே சிங்களத்தில் "ஹெட்ட என்ன" என்றார், நாளைக்கு வா என்று. மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாவது தடவை நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டுப் பார்சலையும் வெளியில் எடுத்து, உட்கார்ந்து சாப்பிடத் தயாரானேன். கையெழுத்து உடனே விழுந்தது.

நுவரெலியா டவுனில் தோட்டா விற்க அனுமதி உள்ள கடைக்கு அதன் பிறகு போனோம். கடை முதலாளி நல்ல மனிதர். ஆனால் வாயில் ஒரே பதில்தான்.

"ஸ்டொக் இல்ல தங்கச்சி. கொழும்புலயே இல்லயாம். டொலர் இல்லாம எங்க இருந்து கொண்டாறது?"

"எப்ப வரும் மொதலாளி?"

"அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

"அப்ப பன்னிக்கு யாரு சொல்றது, கொழும்புல இல்லையாம், கொஞ்சம் பொறுத்துக்கன்னு?"

முதலாளி சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. தன் துவக்கு விஷயத்தில் நான் வாய் வைப்பதே அவருக்குப் பிடிக்காது.

தோட்டா கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் லயத்து ஆண்களுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. தினமும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கூட்டம். சுட்டுப்போட்ட பழைய தோட்டாக் கூட்டில் மறுபடி வெடிமருந்து நிரப்பினால் என்ன என்று ஒருவர் ஆரம்பித்தார். வெளிநாட்டில் எல்லாரும் வீட்டிலேயே மெஷின் வைத்து நிரப்புகிறார்கள், போனில் பார்த்தேன் என்று இன்னொருவர் சொன்னார். மருந்து எங்கே, ஈயக்குண்டு எங்கே, அடியில் வைக்கும் கேப்பு எங்கே என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அதெல்லாம் கிடைத்தாலும், அனுமதி இல்லாமல் நிரப்பினால் நேரே ரிமாண்ட்தான். தீபாவளி வெடியைப் பிரித்தால் போதுமே என்றார் மேல் லயத்து அண்ணன் ஒருவர். அவருடைய வலது கையில் ஏற்கனவே ஒரு விரல் இல்லை. அது எப்படிப் போனது என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வாயாலேயே ஆயிரம் தோட்டா நிரப்பிவிட்டு, இருட்ட ஆரம்பித்ததும் கலைந்து போவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அதற்குள் கொழுந்து நிறுத்து, விறகு சுமந்து, சோறும் ஆக்கி இறக்கியிருப்பார்கள்.

கடைசியில் கடை முதலாளியே ஆள் சொல்லி அனுப்பினார். பழைய அலமாரியைத் துப்புரவாக்கும்போது அடியில் மூன்று தோட்டா கிடைத்ததாம். பிளாஸ்டிக் கூடு வருவதற்கு முந்திய காலத்துச் சரக்கு, காகிதத்தில் சுருட்டிய கடதாசிக் கூடு. ஓரம் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஒரு தோட்டாவுக்கு அவர் சொன்ன விலை, மலையில் நான் ஒரு நாள் முழுக்க நின்று கொழுந்தெடுத்தால் விழும் முழுப்பேரைவிட அதிகம். முழுப்பேர் என்பது எங்கள் ஒரு நாள் சம்பளம். மூன்றையும் வாங்கினோம். முதலாளி ஒரு வார்த்தை சொன்னார்.

"ஈரம் மட்டும் படாம பாத்துக்கங்க. கடதாசி. உள்ளுக்கு மருந்து நமுத்தா வேல செய்யாது."

வீட்டுக்காரர் தலையாட்டினார். அவர் தலையாட்டும் அழகே தனி. கேட்டாரா இல்லையா என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது.

இப்போது தோட்டா இருந்தது. பன்றியும் வந்தது. நான் வேலியோரம் ஓடிவந்து கூப்பிட்டேன். அவர் துவக்கைத் தூக்கினார், ஒரு கண்ணை மூடினார், குறி பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பன்றி ஒரு வரிசைக் கிழங்கைத் தின்று முடித்துவிட்டுத் திரும்பிப் போனது. அவர் துவக்கை இறக்கினார்.

"ஏங்க சுடல?"

"ஒரு பன்னிக்கு ஒரு தோட்டாவா? என்ன வெல தெரியுமா? ரெண்டு பன்னி ஒரே நேரா நிக்கட்டும் புள்ள, ஒரே வெடியில ரெண்டையும் போட்டுருவேன்."

பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல் பன்றிகள் வரிசையில் வந்து நிற்கும் என்று அவர் காத்திருந்தார். இரண்டு வாரம் காத்திருந்தார். தோட்டாக்களை மட்டும் தினம் எடுத்துத் துணியால் துடைத்து வைப்பார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். அவற்றைப் பார்க்க அடுத்த டிவிஷனிலிருந்துகூட ஆள் வந்தது. நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தே ஓய்ந்தேன். ஒரு பொருள் கிடைக்காமல் போய், விலையும் ஏறிவிட்டால், அதை உபயோகிக்கிற புத்தி மனிதனை விட்டுப் போய்விடும் போலிருக்கிறது. காட்சிக்கு வைக்கிற புத்திதான் மிஞ்சுகிறது.

அப்படியே ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி முதல் ஃபாக்டரி மெஷின் வரைக்கும் பொட்டு உண்டு. ஆட்டோவுக்கு மாலை போடுவார்கள். கொழுந்துக் கூடைக்கும் சந்தனம் வைப்போம். வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து துவக்கை எடுத்துச் சாமித்தட்டுக்கு முன்னால் சாத்தினார். பிறகு ஒரு வெற்றிலையை விரித்து அதன் மேல் மூன்று தோட்டாவையும் நிறுத்தினார். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன்.

"அதுல மஞ்சத்தண்ணி தெளிக்காதீங்க. மொதலாளி என்ன சொன்னாரு? கடதாசிங்க அது."

"சாமிக்குக் காட்டாத ஆயுதம் கையில நிக்குமா? எங்கப்பா காலத்துல இருந்து செய்யிறது."

"அப்ப துவக்குக்கு வைங்க. தோட்டாவ விட்டுருங்க."

"தோட்டாதானே ஆயுதம்? துவக்கு வெறுங்குழாதானே?"

அந்த மனிதர் வாழ்நாளில் சொன்ன ஒரே புத்தியுள்ள வார்த்தை அதுதான். அதைச் சொன்ன கையோடு செம்பிலிருந்த மஞ்சத்தண்ணியை மாவிலையால் தோய்த்துத் தெளித்தார். திருப்தி வராமல் இன்னொரு தடவையும் தெளித்தார். ஒவ்வொரு தோட்டாவின் தலையிலும் குழைத்த சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தார். மூன்றும் பொட்டு வைத்த மாப்பிள்ளைகள்போல நின்றன. பூஜை முடிந்தும் எடுக்க விடவில்லை. மறுநாள் காலைவரைக்கும் சாமிக்கு முன்னால் இருக்க வேண்டுமாம். வெளியே அடைமழை. எங்கள் லயத்துச் சுவரில் தண்ணீர் தானாகவே வடியும். உப்பு ஜாடி குழம்பாகிவிடும் காலம் அது.

அதற்கு மூன்றாம் நாள் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கியிருந்தது. என் காணியிலிருந்து உறுமல் கேட்டது. எனக்கு முன்னாலேயே அவர் அங்கே நின்றிருந்தார், துவக்கோடு. இந்தத் தடவை அவர் கேட்ட வரமே கிடைத்திருந்தது. தாய்ப்பன்றியும் இன்னொரு பெரியதும் ஒரே நேராக, ஒன்றன்பின் ஒன்றாக, என் கிழங்குக்குள் தலையை விட்டிருந்தன. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம், ஒரு கயிறு பிடித்து நிறுத்தினாலும் அவ்வளவு நேராக நிறுத்த முடியாது.

அவர் விசையை இழுத்தார். டிக் என்றது. துவக்கை மடித்து அடுத்ததைப் போட்டார். டிக். மூன்றாவதும் டிக். மூன்றாவதை வெளியே எடுத்தபோது அதன் தலையில் குங்குமம் அப்படியே அழியாமல் இருந்தது. பன்றிகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் வெறுந்துவக்கை வீசிக்கொண்டு சத்தம் போட்டார். அப்போதுதான் தாய்ப்பன்றி பார்த்தது. பார்த்ததும் நேராக அவரை நோக்கி வந்தது. லயத்திலேயே முன் வரிசை நாற்காலிக்காரர் தைலமரத்தில் ஏறியதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சிரித்தேன். சிரித்துக்கொண்டே மண்ணில் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி ஒரு செடிகூட நிற்கவில்லை.

அந்தப் போகம் போனது. கிழங்கு விற்றால்தான் அடுத்த போகத்துக்கு விதைக்கிழங்கு. விதைக்கிழங்கு விலை தோட்டா விலையோடு போட்டி போட்டுக்கொண்டு ஏறியது. சரிவு சும்மா கிடந்தது. துரை சொன்ன சொல் தவறாதவர், அதாவது எடுக்கிற விஷயத்தில். மலை வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து வேலியைக் கழற்றச் சொன்னார். நான் கட்டிய கம்பியை நானே சுருட்டினேன்.

இப்போது அங்கே டூரிஸ்ட்டுக்காக மரத்திலும் கண்ணாடியிலும் குடில்கள் கட்டியிருக்கிறார்கள். என் கிழங்கு இருந்த இடத்தில் வெள்ளைக் கதிரைகள் போட்டு, மூடுபனியைப் பார்த்துக்கொண்டு கோப்பி குடிக்கிறார்கள். பன்றி அங்கேயும் வருகிறது. அதற்கென்று துவக்கோடு ஒரு வாச்சரை நிறுத்தியிருக்கிறது நிர்வாகம். தோட்டா கொழும்பிலிருந்து பெட்டியோடு வருகிறதாம், சிவப்புப் பிளாஸ்டிக் கூடு. அந்தி நேரத்தில் வாச்சர் ஆகாயத்தைப் பார்த்துச் சும்மா வெடி வைப்பார். விருந்தாளிகள் கைதட்டி வீடியோ எடுப்பார்கள். நாங்கள் கும்பிட்டு வைத்த சாமானை அவர்கள் வேடிக்கைக்கு வானத்தில் எறிகிறார்கள்.

வீட்டுக்காரர் காலையில் அந்தப் பக்கம் போய், புல்லில் கிடக்கும் வெறுங்கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வருகிறார். எதற்கு என்று கேட்டால், எப்போதாவது மருந்து கிடைத்தால் நிரப்பலாம் என்கிறார். ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்ந்திருக்கிறது.

போன ஆயுத பூஜைக்கும் வெற்றிலை விரித்தார். சிவப்புக் கூடுகளை வரிசையாக நிறுத்தினார்.

"மஞ்சத்தண்ணி கொண்டா புள்ள."

செம்பு நிறையக் கொண்டுபோய், தெளிக்காமல் நானே அவற்றின் மேல் ஊற்றினேன். கூடுகளுக்குள் தண்ணீர் நிரம்பி வெற்றிலைமேல் வழிந்தது. அவர் என்னை முறைத்துப் பார்த்தார். அந்நேரம் மேலே, எங்கள் காணியிலிருந்து ஒரு வெடி கேட்டது. மலை முழுக்க அது உருண்டு அடங்கும்வரை அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல தோட்டா புள்ள," என்றார்.