வாலாம்பாளுக்கு மனசிலாகலை

யாராவது தோளிலிருந்து பையைக் கழற்ற ஆரம்பித்தாலே போதும், வாலாம்பாளின் கை தானாக நீண்டுவிடும். "ஒன்னு பிடிக்கணே சேச்சீ, இப்போ வராம்" என்று கூட வேலை செய்கிற சபீனா மலையாளத்தில் சொல்லி முடிப்பதற்குள் பை இடம் மாறியிருக்கும். மார்த்தாண்டத்துக்காரியான ஜெஸ்லின் அதையே, "எக்கா, இத கொஞ்சம் பிடிச்சிக்கிடுங்க, இன்னா வாறேன்" என்பாள். எந்த மொழியில் சொன்னாலும், கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், இதோ வருகிறேன் என்றுதான் அர்த்தம். அந்த 'இதோ' கால் மணி நேரமாகவும் இருக்கலாம், அரை நாளாகவும் இருக்கலாம். அன்று காலை, தொழில்நுட்பத்துறைப் பெண்களுக்கான மாநாடு நடந்த ஹோட்டலின் வாசலைத் தாண்டும்போதே அவள் தோளில் இரண்டு பைகள் கூடுதலாக ஏறிவிட்டன. ஒன்று ஜெஸ்லினுடைய லேப்டாப் பை. மற்றது சபீனாவின் கைப்பை. அதன் வாய் மூடாது. உள்ளேயிருந்து குடைக்காம்பு நீட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் இடிக்கும்.

வாலாம்பாளுக்கு வீடு கரமனை அக்கிரகாரத்தில். வேலை கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில். மற்றவர்கள் ஆப் எழுதுவார்கள். அதை எப்படியெல்லாம் கெடுக்கலாம் என்று பார்ப்பது இவள் உத்தியோகம். பிறந்த தேதி கேட்டால் அடுத்த வருஷத்தைப் போடுவாள். போன் நம்பர் கேட்கிற இடத்தில் 'தக்காளி ரசம்' என்று எழுதுவாள். பணம் கட்டுகிற பொத்தானை, லிப்ட்டுக்கு அவசரப்படுகிறவர்கள் அமுக்குவதுபோல் விடாமல் அமுக்குவாள். பிறகு, எழுதியவளைத் திரும்பிப் பார்த்து, பச்சைப் பிள்ளை முகத்தோடு, "எனக்கு மனசிலாகலையே" என்பாள். அந்த அக்கிரகாரத்துத் தமிழர்கள் வாயில் 'புரியலை' வராது, மலையாளம் கலந்த 'மனசிலாகலை'தான் வரும். அதைக் கேட்டதும், ஆப் எழுதுகிற ஜெஸ்லின் கிளம்ப எடுத்த பையைத் திரும்ப வைத்துவிடுவாள். ராத்திரி வீட்டுக்குப் போக முடியாது என்று அர்த்தம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இத்தனை வருஷம் புரியாதவளாக இருந்தே சம்பளம் வாங்கிவிட்டதால், நிஜமாகவே ஒன்று புரியாமல் போனால் யாரும் நம்புவதில்லை. போகப்போக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, இப்போது புரியாதது வேலைக்காகவா, உண்மையிலா என்று.

போன வருஷமும் இதே மாநாட்டுக்கு இதே கூட்டத்தோடு வந்தாள். வீட்டுக்குத் திரும்பியதும் கணவர் சுந்தரராமன், "என்னவாக்கும் பேசினா அங்கே?" என்று கேட்டார். வாலாம்பாள் வெகுநேரம் யோசித்து, "ஏசி நன்னா இருந்தது" என்றாள். நாள் முழுக்க வராந்தா நாற்காலியில் பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவளுக்கு வேறென்ன தெரியும்? அன்று அவளுக்கு அழுகை வந்தது. எதற்கு என்று மனசிலாகவில்லை.

இந்த வருஷம் மாநாட்டின் இணையதளத்தில், 'ஐந்து நிமிடம் பேச விரும்புகிறீர்களா?' என்று ஒரு விண்ணப்பம் இருந்தது. வாலாம்பாள் சத்தியமாகப் பேசுவதற்காக அதைத் திறக்கவில்லை. கண்ணில் ஒரு படிவம் பட்டால் அதைக் குடைந்து பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. பெயரைப் போட்டாள். தலைப்பு என்ற இடத்தில், அது எதை வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க, 'எனக்குப் புரியவில்லை' என்று அடித்தாள். விளக்கம் கேட்ட இடத்தில், புரியாமல் இருப்பதே தன் தொழில் என்று நாலு வரி எழுதி அனுப்பிவிட்டு, தோசைக்கு அரைக்கப் போய்விட்டாள்.

தேர்வாகிவிட்டது என்று மெயில் வந்தது. "உங்கள் படிவத்தில் கோளாறு இருக்கிறது, எதைப் போட்டாலும் தேர்வு செய்கிறது" என்று மரியாதையாகப் பதில் எழுதினாள். கோளாறு இல்லை, நாங்கள்தான் படித்துத் தேர்ந்தெடுத்தோம், அவசியம் வாருங்கள் என்று அவர்கள் திரும்ப எழுதினார்கள். அதை வாலாம்பாள் நம்பவில்லை. கடைசி நேரத்தில் யாராவது தப்பைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் ஆசை வந்துவிட்டது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிப் பார்த்தாள். "யாரோடயாக்கும் பேசிண்டிருக்கே?" என்று சுந்தரராமன் கதவைத் தட்டினார். "பல்வலி" என்றாள். அந்த ஐந்து நிமிடம் அவளுக்கு வேண்டும். கேட்டால் இல்லையென்பாள், ஆனால் வேண்டும்.

வாசலில் கழுத்தில் மாட்டிய அட்டையில் 'பேச்சாளர்' என்று ஆரஞ்சு நிறத்தில் போட்டிருந்தது. இன்னும் கோளாறு சரியாகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அரங்குகளுக்கு ஊர் ஆறுகளின் பெயர் வைத்திருந்தார்கள். அவள் பேச வேண்டியது நெய்யாறு என்றது போனில் இருந்த ஆப். அவள் ஊரில் ஓடும் கரமனை என்றது வாசல் பலகை. தொண்டர் அட்டை போட்ட ஒரு பெண்ணைக் கேட்டாள். "ஆப்பில் நோக்கியால் மதி சேச்சீ" என்றாள் அந்தப் பெண், ஆப்பைப் பார்த்தாலே போதுமாம். இன்னொருத்தியைக் கேட்டாள். அவள் பலகையைக் காட்டினாள்.

தேநீர் வேளையில் சபீனா ஓடிவந்து, ஒரு ஸ்டாலில் இலவசமாகக் கொடுத்த துளசிச் செடியை ஒப்படைத்துவிட்டு, பூவளைவுக்குள் நின்று படம் எடுத்துக்கொள்கிற வரிசைக்குப் போனாள். ஜெஸ்லின் ஒரு துணிப்பை நிறைய விளம்பரத் தாள்களைச் சேர்த்து மாட்டிவிட்டுப் போனாள். வாலாம்பாள் துணிப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

நெய்யாறில் போய் நுழைந்தால் அங்கே விளக்கைக் குறைத்துவிட்டு எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லியிருந்தார்கள். உங்கள் பெரிய பலம் எது என்று பக்கத்தில் இருப்பவரிடம் மனம் திறந்து சொல்லுங்கள் என்றது மேடையிலிருந்து ஒரு குரல். பக்கத்து நாற்காலிப் பெண் தன் கூச்சங்களை வென்ற கதையை உருக்கமாகச் சொல்லி, முறை வந்ததும் வாலாம்பாளைப் பார்த்தாள்.

"ஞான் பேக் நோக்கும்" என்றாள் வாலாம்பாள். நான் பைகளைப் பார்த்துக்கொள்வேன். சொன்ன பிறகு, அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே பட்டது.

வெளியே வந்து ஜெஸ்லினுக்குப் போன் போட்டாள்.

"எக்கா, இங்க ஒரு கம்பெனிக்காரங்ககிட்ட பேசிக்கிட்டு நிக்கேன். ஒரு அஞ்சு நிமிசம்."

"எனக்கும் ஒரு அஞ்சு நிமிஷம்தான் ஜெஸ்லின், அதாக்கும்..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. பைகளை நாற்காலியில் போட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு தடவை வைத்தும் பார்த்தாள். பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள். லேப்டாப் போய்விட்டால் யார் பதில் சொல்வது? போதும், இதை விட்டுவிடலாம், கோளாறு தானாகவே சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. கரமனை அரங்கில் கடைசி வரிசையில் உட்காரலாம், இந்த வருஷம் ஒரு பேச்சாவது கேட்டோம் என்று இருக்கும் என்று கதவைத் தள்ளினாள்.

"அடுத்து, வாலாம்பாள் சுந்தரராமன். தலைப்பு, எனக்குப் புரியவில்லை."

அந்தப் பெயர் அந்த ஹோட்டலில் இன்னொருத்திக்கு இருக்க வாய்ப்பில்லை. இருந்தும் வாலாம்பாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். கதவுதான் இருந்தது. தொகுப்பாளினி இரண்டாவது தடவை கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. தொகுப்பாளினி கையிலிருந்த தாளில் அடுத்த பெயரைத் தேட ஆரம்பித்தபோது, வாலாம்பாளின் கால்கள் நடந்துகொண்டிருந்தன. குடைக்காம்பு நாற்காலி நாற்காலியாக இடித்துக்கொண்டு வந்தது.

முன்வரிசையில் அவர்களுடைய மேனேஜர் ஆன்சன் உட்கார்ந்திருந்தார். பெண்களுக்கு ஆதரவு தெரிவிக்க வந்தவர். அவர் அட்டையில் 'ஆதரவாளர்' என்றே எழுதியிருந்தது. இடம் தேடி வருகிறாள் என்று நினைத்து, "வாலா, இவிடெ இருக்கூ" என்று பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அவள் உட்காராமல் மேடையைப் பார்ப்பதைக் கண்டதும் அவருக்கு விளங்கியது. "வாலாயோ? நம்முடெ வாலாயோ?" என்று வாயெல்லாம் பல்லாகக் கைகுலுக்கக் கையை நீட்டினார்.

நீண்ட அந்தக் கையில் வாலாம்பாள் ஜெஸ்லினின் லேப்டாப் பையை மாட்டினாள். அதன்மேல் துணிப்பை. மடியில் சபீனாவின் கைப்பையை வைத்து, குடைக்காம்பு அவர் மோவாயில் இடிக்காதபடி திருப்பிவிட்டாள். துளசிச் செடியை இன்னொரு கையில் கொடுத்தாள். கடைசியாகத் தன் பையையும் கழற்றி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

"சாரே, ஒன்னு பிடிக்கணே" என்றாள். "இப்போ வராம்."