பாதிக் கிணறு

சென்னியம்மாள் எடப்பாடிப் பக்கம் தனிக் கிணறு வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். சங்ககிரிக்கு மேற்கே சுப்பையனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது கிடைத்ததோ பாதிக் கிணறு. பங்காளி அப்புசாமிக்கும் சுப்பையனுக்கும் பொதுவான கிணறு அது. ஒரு நாள் அவர்கள் முறை, மறுநாள் இவர்கள் முறை. பாகம் பிரிக்கும்போது நிலத்தை வெட்டலாம், கிணற்றை எப்படி வெட்டுவது? நாட்களைத்தான் பங்கு போட வேண்டும்.

பதினைந்து வருஷம் அந்தக் கிணற்றைத் திட்டிக்கொண்டேதான் அவள் சோறாக்கினாள். அந்தத் தண்ணீரில்தான் இரண்டு பிள்ளைகள் வளர்ந்தார்கள், ஓட்டு வீடு எழும்பியது, எருமை வருஷா வருஷம் கன்று போட்டது. அதெல்லாம் மகராசி கண்ணில் பட்டால்தானே! மோட்டார் ஓடி நின்றதும், "இதெல்லாம் ஒரு தண்ணியா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். சுப்பையன் வாயைத் திறக்க மாட்டான். திறந்து மட்டும் என்னத்தைக் கண்டான், பாவம்.

எண்பத்து மூன்றில் மழை ஏமாற்றிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துச் செங்கோட்டையன் ரிக் லாரியைக் கொண்டுவந்து போர் போட்டான். தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. சென்னியம்மாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

புருஷனை நச்சரித்து, காளைக் கன்றுகளை விற்க வைத்து, அதே லாரியைத் தங்கள் தோட்டத்துக்கும் வரவழைத்தாள். தண்ணீர் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. போதாதா? கற்பூரத்தைக் கொளுத்தின கையோடு நேரே அப்புசாமி வீட்டு வாசலுக்குப் போனாள். அப்புசாமியின் மனைவி பொன்னாத்தாள் அங்கே கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பொன்னா, இனிமே எங்க முறையையும் நீங்களே எறச்சுக்குங்க. அந்தக் குட்டத் தண்ணி எங்களுக்கு வேண்டாம்," என்றாள். நாலு பேர் காதில் விழும்படிதான் சொன்னாள். எங்கள் பக்கத்தில் பங்காளிகளுக்குள் முறைத் தண்ணீரை வாய்விட்டு விட்டுக்கொடுத்தால் கொடுத்ததுதான். திரும்பக் கேட்க நாக்குக் கூசும்.

லாரி பகல் முழுக்க இரைந்தது. வந்தது வெள்ளைப் புழுதி. முந்நூறு அடி தாண்டியும் புழுதிதான். ரிக்காரர்கள் குழாயைக் கழற்றிக்கொண்டு கிளம்பியபோது கட்டுத்தறி எருமைகூட வெளுத்துப்போய் நின்றது.

வயலில் சின்ன வெங்காயம் காய் திரளும் பருவம். இப்போது தண்ணீர் இல்லையென்றால் அந்த வருஷத்துப் பிழைப்பே இல்லை. ஆனாலும் வெட்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கிணற்றுப் பக்கமே போகவில்லை. அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிறதா, நின்றிருக்கிறதா என்றுகூட அவள் காது கொடுக்கவில்லை. வெங்காயத் தாள் நுனி கருகத் தொடங்கியது.

"நான் வேணும்னா அப்புசாமி கால்ல உளுகறேன் புள்ள," என்றான் சுப்பையன்.

"நீங்க எதுக்குங்க உளுகோணும்? வாயி என்னுது. நானே போறேன்."

பொன்னாத்தாள் தன் தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வெங்காயமும் மேற்கு மூலையில் பழுத்துக் கிடந்ததைச் சென்னியம்மாள் அப்போதுதான் பார்த்தாள். தினமும் தண்ணீர் பாயும் காடு இப்படியா காயும் என்று நினைத்தாள். ஆனால் வந்த காரியத்தைத்தான் முதலில் பேசினாள்.

"பொன்னா, நான் திமிர்ல பேசிப்போட்டேன். எங்க முறையத் திருப்பிக் குடு சாமி."

பொன்னாத்தாள் நிமிர்ந்தாள். "நாங்க எடுத்தாத்தானுங்க்கா திருப்பிக் குடுக்கறதுக்கு? உங்க முறையன்னிக்கு நாங்க மோட்டாரே போடறதில்லீங்க. எங்க முறையிலயும் எப்பவும் எறைக்கற அளவோட நிறுத்திக்கறமுங்க. போயிப் பாருங்க, கீழ்ப்படி முங்கிக் கெடக்குது."

"உங்க காடும் காயுதே?"

"காயுதுதான். அதுக்குன்னு உங்க பங்குத் தண்ணியில கை வெக்கறதாங்க்கா? உங்க போர்ல தண்ணி வந்தா எடுத்துக்கலாமுன்னு எங்க ஊட்டுக்காரரு சொன்னாங்க. வரலை, உட்டுட்டோம்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்ல வந்தனுங்க. என்னையக் கண்டதும் கதவச் சாத்திக்கிட்டீங்க."

சென்னியம்மாள் கிணற்று மேட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அலுங்காமல் கிடந்தது. தன்னை இத்தனை நாளும் வாழ வைத்தது இந்தக் கிணறும் இந்த மனுஷர்களும்தான் என்று நினைக்க நினைக்க அழுகை பொங்கியது. யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று நின்று அழுதாள். அழுது முடித்தபோது மனசு லேசாக இருந்தது. இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றியது.

மதியம் கரண்டு வந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு வந்த சுப்பையன், வாய்க்காலைத் தங்கள் வயலுக்குத் திருப்ப மண்வெட்டியை எடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"மொதல்ல பொன்னா காட்டு மேக்கு மூலைக்குப் போகட்டுங்க."

"இன்னைக்கு நம்ம முறை புள்ள."

"நம்ம முறைதானுங்க. அதனாலதான் சொல்றேன்."