சத்தம் வராத கம்ப்யூட்டர்

தறிக்கார அண்ணன் என் ரிப்பேர் கடைக்குத் தூக்கி வந்த கம்ப்யூட்டருக்கு என் கொள்ளுத்தாத்தா வயது இருக்கும்.

"சத்தம் வரலை தம்பி. போன வருஷம் தவறிப்போன உங்க அண்ணி பாடினது உள்ள இருக்கு. ஒரு தடவை கேட்டாப் போதும்."

"உள்ள எலி குடித்தனம் பண்ணுதுண்ணே, வாடகை வாங்குறீங்களா?" என்றேன். சிரித்தார்.

தப்பான ஓட்டையில் இருந்த ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிப் பச்சை ஓட்டையில் செருகி, பாட்டை ஓடவிட்டேன். அண்ணி ஊரே அதிரப் பாடினார். பக்கத்து சலூன்காரன் கத்தியோடு ஓடிவந்தான்.

"காது கிழியுதுடா, குறைடா!"

அண்ணன் ஸ்பீக்கரையே பார்த்தார். "இன்னும் வரலையே."

சலூன்காரனிடம் திரும்பி, "மெஷின் நல்லாத்தான் இருக்கு. அண்ணன் காதுதான் போச்சு" என்று முணுமுணுத்தேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். முப்பது வருடம் தறி இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர் அவர். அதனால்தான் காது போனது எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

என் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "அப்ப, பாடிக்கிட்டா இருக்கா?"

தலையாட்டினேன்.

"குரலை மட்டும் பிடிச்சு வெச்சேனே தம்பி. வீடியோ எடுத்திருந்தா அவ உதட்டைப் பாத்தாவது கேட்டிருப்பேன்."

பாட்டை நிறுத்தக் கையை நீட்டினேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருடா. அவ பாடி முடிக்கட்டும்."