கசத்து மீனுக்குப் புண்

என் தாய்மாமாவைப் போல மீன் தின்கிறவர் எங்கள் தெருவில் வேறு யாரும் இல்லை. வீட்டில் அயிரைக் குழம்பு கொதித்தால் அன்றைக்கு வயல் வேலை அரை நாள்தான். அப்படிப்பட்டவர் ஒரு கோடையில் வீடு வீடாகப் போய், ஆற்று மீனைத் தொடாதீர்கள் என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்குத்தான் சந்தேகம் வராது?

யுத்த காலம். அரிசி ரேஷனுக்கு வந்திருந்தது. கோடை மழையும் ஏமாற்றிவிட்டது. குற்றாலத்து அருவி பாறையில் வெறும் ஈரமாக நின்றது. தென்காசியில் சிற்றாறு முழுக்க மணல். எங்கள் வயலை ஒட்டி ஆற்றில் ஒரு கசம் உண்டு. எந்தக் கோடையிலும் ஆளை மூழ்கடிக்கும் அந்த ஆழத்திலேயே தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. ஆற்றில் பிழைத்த மீனெல்லாம் அதற்குள் அடைந்து கிடந்தன. கூடையாலேயே அள்ளலாம்.

மாமா தினமும் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போவார். வெயில் படாமல் தென்னோலை பரப்பி, தவிடு தூவுவார். ஒரு தாய் விராலும் அதன் பின்னால் சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுகளும் திரிவதைக் காட்டுவார்.

"இதுகளயும் பிடிச்சிட்டா, ஆனிச் சாரலுக்குத் தண்ணி வந்தாலும் ஆத்துல மீன் இருக்காதுட்டி. யார்ட்டயும் சொல்லிராத."

முன்னால் சொன்னது ஏழு வயதுக்காரி காதில் ஏறவில்லை. 'சொல்லிராத' என்பது மட்டும் நன்றாக ஏறியது. ஒளித்து வைத்துத் தானே தின்னப் போகிறார் என்று முடிவுகட்டிவிட்டேன்.

தெருவுக்கு அவர் சொன்ன கதை வேறு. "கசத்து மீனுக்கெல்லாம் புண்ணு வந்திருக்கு. தின்னா வாந்திபேதிதான்." வாந்திபேதி என்றால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? இரண்டு வாரம் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒருநாள் கிணற்றடியில் எதிர்வீட்டு அத்தை கேட்டாள்: "ஏட்டி, நெசமாவா மீனுக்குப் புண்ணு?"

"ஒரு புண்ணும் கிடையாது. மாமா தெனமும் தவிடு போட்டு வளக்குதாவ. அம்புட்டையும் அவுகளே திங்கப்போறாவ!"

உண்மை பேசிய பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். மத்தியானத்துக்குள் தெருவே கூடையும் வேட்டியுமாகக் கசத்தில் இறங்கிவிட்டது. நானும் ஒரு செம்போடு பின்னால் ஓடினேன். மாமா வயலிலிருந்து ஓடிவந்தார்.

"சாரல் வரைக்கும் விட்டு வையுங்கய்யா" என்று கெஞ்சினார்.

"நீரு மட்டும் தின்னலாம்னு பாத்தீரோ?" என்று சிரித்தார்கள். பல வீடுகளில் அன்று கூழுக்கே வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். அவர்கள் கையிலிருந்து கூடையைப் பிடுங்க அவருக்கு மனம் வரவில்லை.

எல்லாரும் போன பிறகு, சேற்றில் மண்டியிட்டு, துண்டால் துழாவி, மிஞ்சிய சிவப்புக் குஞ்சுகளை என் கையிலிருந்த செம்பில் போட்டார். எங்கள் வயல் கிணற்றில் கொண்டுபோய் விட்டோம். "சாரல் விழட்டும், ஆத்துல விட்ருவோம்" என்றார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. என் முகத்தில் தெறித்த சேற்றைத் துடைத்துவிட்டார். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அன்று சாயந்திரம் எதிர்வீட்டு அத்தை கொடுத்த விராலை அம்மா குழம்பு வைத்தாள். மாமா தன் துண்டத்தை முள் எடுத்து என் தட்டில் வைத்தார். தனக்கு வயிறு சரியில்லை என்றார்.

புண் கதையைப் பொய்யென்று தெருவுக்கே எடுத்துச் சொன்ன நான், இதை அப்படியே நம்பி அவர் பங்கையும் சேர்த்துத் தின்றேன்.