ரெண்டு டையும் ஜிஞ்சரோட வாயும்

கையை எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த வாசம் போகாது… நனைஞ்ச தோல், குதிரை வேர்வை, மரத்தூள். கிரேட் நைன் படிச்சப்போ எனக்கு ஞாயிற்றுக்கிழமைன்னா அந்த வாசம்தான்.

போர்வைக்குள்ள ஃபோனை வெச்சுக்கிட்டு எழுதுறேன். பக்கத்துல அம்மா தூங்குறாங்க. இன்னைக்குத்தான் வட்டகொடையில இருந்து நுவரெலியாவுக்கு, நான் தங்கிப் படிக்கிற சித்தி வீட்டுக்கு வந்தாங்க. "நாளைக்கு ஒரு சின்ன விழா இருக்கு, வாங்கக்கா"ன்னு சித்தி கூப்பிட்டிருக்காங்க. அந்த விழாவில குதிரை ஓட்டப் போறது நான்தான்னு இதைப் படிக்கிற உங்க எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

ஒரு தடவை வாவிக்கரையில ஒரு சின்னப் பையன் குதிரையில இருந்து விழுந்ததை அம்மா பாத்துட்டாங்க. அன்னைக்கே சொல்லிட்டாங்க. "நீ அதுல ஏறுனேன்னு கேள்விப்பட்டேன், ஸ்கூலை மாத்தி வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருவேன்."

அம்மா சும்மா சொல்ற ஆள் இல்ல. அதான் இப்ப பயமா இருக்கு… ஆனா சந்தோஷமாவும் இருக்கு. தூக்கம் வரல. அதனால அந்தக் கதையை எழுதுறேன்.

சித்தப்பாவுக்குக் குதிரை லயத்துல வேலை. நான் சும்மா கூடப் போவேன், தண்ணி வெப்பேன், பிரஷ் பண்ணுவேன். என் கிளாஸ் சிங்களப் பொண்ணு நெத்மி அங்க டிரஸாஜ் பழகுனா, அதாவது குதிரையை அழகா அடி வெச்சு நடக்க வைக்கிற பயிற்சி. அவ பழகி முடிச்சதும் ஜிஞ்சரை மெதுவா நடத்தி ஆற விடணும் இல்லையா… அந்தக் கொஞ்ச நேரம் எனக்குக் குடுப்பா.

ஜிஞ்சர் பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை. மேல ஏறி உக்காந்தா பூமி எங்கயோ கீழ கிடக்கும். பயத்துல நான் என்ன பண்ணுவேன்? ஹட்டன் பஸ் வளைவுல திரும்புறப்போ கம்பியைப் புடிப்போமே, அப்படிக் கடிவாள வாரை இறுக்கிப் புடிப்பேன். ஜிஞ்சர் தலையை மேல வீசும். நான் இன்னும் இறுக்குவேன். அது இன்னும் வீசும்.

"இழுக்காதே"ன்னு நெத்மி கத்துனா. சரின்னு மொத்தமா விட்டுட்டேன். ஜிஞ்சர் நேரா வேலியோரம் போய்ப் புல்லு மேய ஆரம்பிச்சிருச்சு. நான் மேல உக்காந்து வேடிக்கை பாத்துட்டு இருந்தேன்…

மறுநாள் இன்டர்வல்ல நெத்மி தன்னோட ஸ்கூல் டையைக் கழட்டுனா. என்னோடதையும் கழட்டச் சொன்னா. ரெண்டையும் ஒரு பக்கம் அவ கையில புடிச்சுக்கிட்டு, மறு பக்கத்தை என் கையில குடுத்து, எனக்கு முதுகைக் காட்டி முன்னாடி நின்னு கண்ணை மூடிக்கிட்டா. "இப்ப நான் ஜிஞ்சர். ஓட்டு."

லேப் பின்பக்கமா நடந்தோம். நான் இழுத்தேன்.

"அதின்ன எப்பா! இழுக்க வேணாம்டி, என் தோள் கழண்டு போகுது."

விட்டேன். டை ரெண்டும் தொங்குச்சு. அவ டக்குன்னு நின்னுட்டா. "நீ இருக்கியா, போயிட்டியா? எனக்குத் தெரியல்ல."

அந்த நேரம் பாத்து ஒரு பிரிஃபெக்ட் அக்கா வந்துட்டாங்க. "என்னது இது, மாடு ஓட்டுறீங்களா?"

"இல்ல அக்கா, குதிரை"ன்னு நெத்மி கண்ணைத் திறக்காமலே சொன்னா.

அப்புறம் நான் குதிரை. கண்ணை மூடுனதும் பயமா இருந்துச்சு. முன்னாடி என்ன இருக்குன்னு தெரியாது. ஆனா டை வழியா அவ விரல் தெரிஞ்சுச்சு. இழுக்கல. சும்மா இருந்துச்சு, அவ்வளவுதான். நான் நடக்க நடக்க அவ கையும் கூடவே வந்துச்சு. சுண்டு விரலைக் கொஞ்சம் மூடுனா… நான் யோசிக்காமலே அந்தப் பக்கம் திரும்பிட்டேன். உடனே விரலைத் திறந்துட்டா. ஒரு தடவை வேணும்னே தொங்க விட்டுட்டுத் திடீர்னு இறுக்குனா பாருங்க, நெஞ்சு திக்குன்னு ஆயிருச்சு. அப்பதான் புரிஞ்சது. ஜிஞ்சர் திமிர் புடிச்சதில்ல. அதுக்கு வாயில இரும்பு, நமக்குக் கையில வார். என் பயம் முழுக்க அதோட வாய்க்குள்ள போயிருக்கு.

அந்த ஞாயிறு பனிமூட்டம். மணல் ரிங்கோட அந்தப் பக்கம் தெரியல. ஜிஞ்சர் நடக்குறப்போ தலை முன்ன போகும், பின்ன வரும். என் முழங்கையையும் கூடவே போக விட்டேன். கோழிக்குஞ்சைப் புடிச்ச மாதிரி விரல்… நசுங்கவும் கூடாது, ஓடவும் கூடாது.

வீசல. தலையை வீசவே இல்ல.

அப்புறம் மூச்சை விட்டு, அழுத்தி உக்காந்து, விரலை மட்டும் மூடுனேன். நின்னுருச்சு. கழுத்தை இறக்கி, வாயை மென்னுச்சு. உதட்டுல வெள்ளையா நுரை. எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு. கத்துனா ஓடிரும்னு அடக்கிக்கிட்டேன்.

சித்தப்பா வாளியோட நின்னு பாத்துட்டே இருந்தாரு.

"என்ன புள்ள பண்ணுன அதை?"

"ஒண்ணும் பண்ணல சித்தப்பா."

"அதான் கேக்குறேன்."

இது நடந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப ஜிஞ்சர் நான் மூச்சு விட்டாலே நிக்குது. நாளைக்கு மைக்ல என் பேரைக் கூப்பிடுவாங்க. அப்ப என்னைவிட உசரமான ஜிஞ்சருக்குப் பயந்தேன். இப்ப என் தோள் உசரம் இருக்கிற அம்மாவுக்குப் பயப்படுறேன். ஃபோனைப் புடிச்சிருக்கிற கை, அதே பஸ் கம்பிப் புடிதான்.

எழுதிட்டு இருக்கும்போதே ஒண்ணு தோணுச்சு. நாளைக்கு கிரவுண்ட்ல நின்னு, மைக்ல என் பேரைக் கேட்டு அம்மா தெரிஞ்சுக்கிட்டா… அது தொங்கிக் கிடந்த டையைத் திடீர்னு இறுக்குன மாதிரிதானே?

எந்திரிச்சுட்டேன். ஆணியில இருந்து என் டையையும் சித்தி மக, என் தங்கச்சியோட டையையும் எடுத்துட்டேன். இதைப் போஸ்ட் பண்ணிட்டு அம்மாவை எழுப்பி, நானே எல்லாத்தையும் சொல்லிரப் போறேன். முதல்ல ரெண்டு முனையையும் அவங்க கையில குடுத்து, "கண்ணை மூடிக்கங்கம்மா, இப்ப நீங்கதான் குதிரை"ன்னு சொல்லப் போறேன்.