உதிரித் திராட்சை

நாய்க்கு எந்தப் பழம் ஆகும், எது ஆகாது என்று இன்றைக்கு என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பப்பாளியை விதை வழித்துவிட்டுக் கொடுக்கலாம். தர்பூசணியும் அப்படித்தான், பச்சைத் தோல் மட்டும் வேண்டாம். வாழைப்பழம் பாதி போதும். கேரட், வெள்ளரி, வேகவைத்த பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் கூடாது. மாங்கொட்டை தொண்டையில் மாட்டிக்கொள்ளும். திராட்சை மட்டும் ஒன்றுகூட ஆகாது, காய்ந்த திராட்சையும் அதே கதைதான். இவ்வளவும் தெரிந்திருக்கிற இந்த நேரத்தில் என் வீட்டில் நாய் இல்லை.

வில்லியனூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகத் தள்ளுவண்டியில் பழம் விற்கிறேன். பழத்தைப் பற்றி யாராவது எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தால் பொறுக்காது. என் வாயும் கொஞ்சம் நீளம். பேரம் பேச வருகிறவர்கள் என் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விலையையே கேட்பார்கள். அதை ஒரு பெருமை மாதிரி நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். வேலை செய்த இடத்தில் சாரம் சரிந்து, விழுந்து, தொடை எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்து அனுப்பினார்கள். தினமும் நடக்க வேண்டும், உட்கார்ந்தே இருந்தால் கால் இறுகிப்போகும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் நடக்க மாட்டேன் என்றார். தடி பிடித்துக்கொண்டு தெருவில் போவதை நாலு பேர் பார்ப்பார்களே என்ற வெட்கம். நான் கத்தினேன், கெஞ்சினேன். சுவரோடு பேசின மாதிரிதான் இருந்தது.

அவரை நடக்க வைத்தது நாய்தான். விபத்துக்கு ஒரு வருஷம் முன்னால், அவர் வேலை பார்த்த கட்டடத்து மணல் குவியலில் பிறந்து கிடந்த குட்டியை சிமெண்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெயர்கூட வைக்கவில்லை. 'டேய்' என்று கூப்பிடுவார். தெருவில் யார் யாரை 'டேய்' என்றாலும் இது காதைத் தூக்கும். சாயந்திரம் நாலு மணியானால் கதவைப் பிராண்ட ஆரம்பித்துவிடும். இவர் திட்டிக்கொண்டே எழுந்து தடியை எடுப்பார். ரேஷன் கடை வரைக்கும் போய்விட்டுத் திரும்புவார்கள். இவர் நிற்கிற இடத்தில் அவனும் நிற்பான். நாயை நடக்கக் கூட்டிப்போவதாகத்தான் அவர் ஊருக்குச் சொல்லிக்கொண்டார். ஊரும் அப்படியே கேட்டுக்கொண்டது. அவர் மறுபடி சாரம் ஏறாவிட்டாலும் பரவாயில்லை, தடி இல்லாமல் நடந்தால் போதும் என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே ஆசை.

அந்த ஆசைக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாளும் சுத்தபோசனம். கறி, மீன், முட்டை எதுவும் வீட்டுக்குள் வராது. எங்கள் கோவில் தெருவில் பாதிப்பேர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் இருப்பார்கள். நான் எதிலும் ஒரு படி மேலே போகிறவள். வீட்டில் இருக்கிற உயிர் அத்தனையும் இருக்க வேண்டும் என்றேன்.

"நாய்க்கு இன்னாத்துக்குடி சுத்தபோசனம்? அதுக்கு ஞானஸ்நானமா குடுத்துகீது?" என்று கேட்டார்.

"இந்த வூட்டுச் சோத்தத் துன்னா இந்த வூட்டு வேண்டுதலும் அதுக்குண்டு," என்றேன்.

அதுவரைக்கும் எங்கள் நாய்க்குத் தினமும் கோழிக்கடையிலிருந்து காலும் தலையும் வரும். அரிசியோடு வேகவைத்துப் போடுவேன். தவக்காலத்தில் அது நின்றது. முதல் வெள்ளிக்கிழமையே பக்கத்து வீட்டுக் குப்பையிலிருந்து மீன் தலையைக் கவ்விக்கொண்டு வந்தான். வேண்டுதல் போயிற்றே என்று எனக்கு ஆத்திரம். அன்றிலிருந்து நடக்கப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வாசல் கதவோரம் கட்டிவைத்தேன். நேர்ந்துகொண்டவள் நான், கட்டுப்பட்டுக் கிடந்தவன் அவன். இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது.

அவனோ கோபித்துக்கொள்ளவில்லை. வண்டியில் மிஞ்சியதை எல்லாம் சாப்பிடப் பழகிக்கொண்டான். கனிந்துபோன பப்பாளி, அடிபட்ட கொய்யா, வீட்டில் வேகவைத்த பூசணி, கேரட். கேரட்டை எலும்பு மாதிரி இரண்டு முன்னங்காலுக்கும் நடுவில் பிடித்துக் கடிப்பான். எல்லாவற்றையும்விட அவனுக்கு உயிர் திராட்சைதான். கொத்திலிருந்து உதிர்ந்து பெட்டியின் அடியில் கிடப்பதை யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள். ஒரு கை அள்ளி வருவேன். வாசலில் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவேன். துள்ளித் துள்ளிப் பிடிப்பான். ஒன்றைக்கூடக் கீழே விட மாட்டான். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் கை தட்டுவார். விழுந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்த்தாயா, என் வேண்டுதல் பலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தவக்காலம் பாதி போயிருக்கும். ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து கேரட் கேட்டாள். வேலைக்குப் போகிற பெண், கழுத்தில் அடையாள அட்டை. கொய்யாவும் கொஞ்சம் எடுத்தாள். அவள் வீட்டு நாய்க்காம். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க வூட்டு நாயும் பழம் துன்னுதும்மா. திராட்சைன்னா போதும், உசுர வுட்டுடும்," என்றேன் பெருமையாக.

அவள் கை அப்படியே நின்றது. "ஐயோ அக்கா, திராட்சை மட்டும் போடாதீங்க. கிட்னி போயிடும். சில நாய் கொஞ்சம் துன்னாத் தாங்கும், சிலது தாங்காது. எது தாங்கும்னு யாராலயும் சொல்ல முடியாது."

"யாரு சொன்னது?"

"டாக்டரே சொல்லிகிறாருக்கா. போன்லகூடப் போட்டுகீது, பாருங்க," என்று போனை நீட்டினாள்.

சுற்றி இரண்டு மூன்று பேர் பழம் பொறுக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எதிரில் என் வண்டிப் பழத்தை விஷம் என்கிறாளே என்றுதான் என் புத்தி போயிற்று. "இருபது வருஷமா நான் இன்னா விஷத்தையா வித்துக்குனு கீறேன்? உன் போனு இன்னிக்கு வந்தது. நாய் என்னிக்கு வந்தது? போம்மா, போய் உன் நாய்க்கு டவுனுக்குப் போய் பிஸ்கட் வாங்கிக் குடு," என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் முகம் சிவந்துபோய், கேரட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கொய்யாவை வைத்துவிட்டாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பெண்ணின் முகமே கண்ணில் நின்றது. கடைக்காரியிடம் வம்பு வளர்க்க வந்தவள் முகம் இல்லை அது. பயந்துபோன முகம். வீட்டுக்குப் போனதும் பையிலிருந்த திராட்சையைச் சாக்கடையில் கொட்டினேன். அவனுக்குப் பப்பாளி கொடுத்தேன்.

"இன்னா, இன்னிக்குத் திராட்ச இல்லியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"தீந்துடுச்சு," என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அன்றைக்கு நடந்ததைச் சொன்னால், அந்தப் பெண்ணை எடுத்தெறிந்து பேசியதைச் சொல்ல வேண்டும். இத்தனை நாளாக நாய்க்கு ஆகாததைப் போட்டிருக்கிறேன் என்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். பழக்காரிக்குப் பழம் தெரியவில்லையா என்று அவர் சும்மா ஒரு கிண்டல் பண்ணியிருப்பார். அந்த ஒரு கிண்டலுக்குப் பயந்தேன். அதன் பிறகு மறுநாளும், அதற்கு அடுத்த நாளும் ஏதோ ஒரு சாக்குச் சொன்னேன். பிறகு அவரும் கேட்கவில்லை. நிறுத்திவிட்டோமே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று பூசை முடிந்து ஓலையும் கையுமாகப் போன சனம் வண்டியைச் சூழ்ந்துகொண்டது. நல்ல வியாபாரம். பெட்டிகளைக் காலி செய்தபோது உதிரித் திராட்சை ஒரு கவர் நிறைய மிஞ்சியது. வீட்டுக்காரருக்குப் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் அலசி ஒரு கிண்ணத்தில் போட்டு நாற்காலி பக்கத்தில் வைத்து, "நீங்க துன்னுங்க," என்று சொல்லிவிட்டு, அப்படியே கோவில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய்விட்டேன். அந்த வாரம் எங்கள் தெரு முறை. திரும்பி வந்தபோது கிண்ணம் காலியாக இருந்தது. சாப்பிட்டாரே என்று சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை நாய் வாந்தி எடுத்தது. வெயில் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே படுத்துக் குடித்துக்கொண்டே இருந்தான். நாலு மணிக்குக் கதவைப் பிராண்டவில்லை. என் வீட்டுக்காரர் தடியைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை காலையில் ஆட்டோ வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். படி ஏற முடியாது என்று அவர் ஆட்டோவிலேயே இருந்துகொண்டார். ஆட்டோக்காரரும் நானும் நாயைச் சாக்கில் வைத்து உள்ளே தூக்கிப்போனோம். டாக்டர் கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மூத்திரம் போகிறதா என்று கேட்டார். சரியாகப் போகவில்லை என்றேன்.

"இன்னாம்மா துன்னுச்சு? எலி மருந்து, சாக்லெட், திராட்சை, இது மாதிரி எதனா?"

திராட்சை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் அந்த ஸ்கூட்டர் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் நான் நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. பொய் சொல்லவில்லை என்ற தைரியத்தில், "இல்ல சார். பூசணிக்கா, தயிர் சோறு, பப்பாளி, அவ்ளோதான்," என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. வூட்ல வேற யாராவது குடுத்தாங்களா? கிட்னி அடிபட்டுகிற மாதிரி கீது."

வெளியே ஆட்டோ பத்தடியில் நின்றது. போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திராட்சை போட்டீங்களா என்று கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார். ஏன் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். "வூட்ல யாரும் இல்ல சார், நான்தான் குடுப்பேன்," என்று சொல்லிவிட்டேன். டாக்டர் பாட்டில் ஏற்றினார், ஊசி போட்டார். மறுநாளும் கொண்டுவரச் சொன்னார். பெரிய வியாழன் அன்று ஆட்டோ வருவதற்குள் அவன் போய்விட்டான்.

வீட்டுக்குப் பின்னால் புதைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர்தான் குழி வெட்டினார். என் வீட்டுக்காரர் நாற்காலியைக் கொண்டுவந்து போடச் சொல்லி, மண் மூடும்வரை உட்கார்ந்திருந்தார். ஈஸ்டர் அன்று கோழி எடுத்துக் குழம்பு வைத்தேன். எலும்பைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிக்கொண்டே வந்தவர், பாதியில் கையை எடுத்துவிட்டு எழுந்துபோனார். நாற்பது நாளும் தவறாமல் இருந்து முடித்த எனக்கு அந்தக் குழம்பு இறங்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் தெருவில் நடக்கவில்லை. நாலு மணிக்கு ஒருமுறை வாசலைப் பார்ப்பார். மறுபடி சுவரைப் பார்ப்பார். கால் இறுகிக்கொண்டே வந்தது. வேறு வழியில்லாமல் போன மாதத்திலிருந்து காலையில் என்னோடு பஸ்ஸில் கூட்டி வந்து வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைக்கிறேன். பழைய திராட்சைதான் மெதுவாக வேலை செய்து கொன்றது, அதற்கு நான் ஒருத்திதான் காரணம் என்று நானாக நினைத்துக்கொண்டு, அதை மட்டும் கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அதன் பிறகு திராட்சை வாங்குகிற எல்லோரிடமும், "வூட்ல நாய் கீதா? ஒண்ணுகூடப் போட்டுடாதீங்க," என்று சொல்ல ஆரம்பித்தேன். சிலர் என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். நானும் ஒரு நாள் அப்படித்தான் சிரிக்க வைத்தேன். அந்த ஸ்கூட்டர் பெண் அதற்குப் பிறகு என் வண்டிக்கு வரவில்லை.

அவர் வந்து உட்கார ஆரம்பித்த சில நாளிலேயே ஒருவர் பைக்கில் முன்னால் நாயை உட்காரவைத்துக்கொண்டு வந்து திராட்சை வாங்கினார். வழக்கம்போலச் சொன்னேன். அவர் போனதும் ஸ்டூலிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது.

"இது உனுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

டாக்டர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். இதற்கு மேலும் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. "தவக்காலம் பாதியிலேயே தெரியும். ஒரு பொண்ணு வந்து சொன்னா. அதான் குடுக்கறத நிறுத்திட்டேன். உங்க கிட்ட சொல்லல. என் தப்பு," என்றேன்.

அவர் தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். கடலூர் பஸ் ஒன்று வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று.

"குருத்து ஞாயித்துக்கெழம நீ ஒரு கிண்ணம் வச்சுட்டுப் போனியே," என்றார். "நான் ஒண்ணுகூடத் துன்னல. நீ கொண்டாந்து போட்டு ரொம்ப நாளாச்சே, ஏங்கிப்போயிட்டானேன்னு ஒண்ணொண்ணா அவனுக்குத் தூக்கிப் போட்டேன். கிண்ணம் காலியாகற வரைக்கும் போட்டேன். ஒண்ணுகூட அவன் கீழ வுடலடி."